சொந்தமாகக் கட்டலாம் ஒரு தோணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேனோ எனப்படும் சிறு துடுப்புத் தோணியை முதன்முறையாகக் கட்ட முனைந்திருப்பவர்களின் கேள்விகள் இம்முறை. பெரும்பாலானவை ப்ளைவுட்டைக் கம்பியால் தைத்து எபாக்சி என்னும் இருகூறுப் பசையால் ஒட்டும் முறையைப் பற்றியவை. பதில்களில் உள்ள அளவுகள் சுமார் 4.5 மீட்டர் நீளமும் நடுவில் 80 செ.மீ. அகலமும் உள்ள, தட்டை அடி கொண்ட இருவர் தோணிக்குப் பொருந்தும்.

கேள்வி: எனக்குத் தச்சு வேலை பழக்கமில்லை. அடிமரத்தைக் குடைவது, மெல்லிய சட்டங்களை வளைத்து ஒட்டுவது, ப்ளைவுட் ஆகியவற்றில் எதில் தொடங்கலாம்?

ப்ளைவுட்டில் தொடங்குங்கள். குடைந்த தோணிக்கு வெடிப்பில்லாத பெரிய அடிமரம் வேண்டும். சுவரின் கனம் இடத்துக்கு இடம் மாறினால் மரம் காயும்போது பிளந்துகொள்ளும். மெல்லிய சட்டங்களால் ஆன தோணி பார்க்க மிக அழகு. ஆனால் 30 செ.மீ.க்கு ஒன்றாக அச்சுகளை நிறுத்தி, ஒவ்வொரு சட்டத்தையும் பொருத்தி, பிறகு முழு உடலையும் சீவித் தேய்க்க வேண்டும். இரண்டாவது தோணிக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

ப்ளைவுட் தோணிக்கு அடித்தட்டு ஒன்று, பக்கப் பலகை இரண்டு, ஆக மூன்றே துண்டுகள். ஜிக்சா, டிரில், இழைப்புளி, குறடு, உப்புத்தாள் இருந்தால் வேலை நடக்கும். கிளாம்ப் மட்டும் இருபதுக்குக் குறையாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்விளிம்புச் சட்டம் ஒட்டும் நாளில் அத்தனையும் தேவைப்படும். ஏற்கெனவே கட்டிப் பார்க்கப்பட்ட வரைபடம் ஒன்றையே பின்பற்றுங்கள். பலகையில் ரம்பம் வைக்கும் முன், அதே வரைபடத்தைப் பத்தில் ஒரு பங்கு அளவில் தடித்த அட்டையில் வெட்டி, டேப்பால் ஒட்டிப் பாருங்கள். எந்த விளிம்பு எதனோடு சேர்கிறது என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

கேள்வி: "தண்ணீருக்குத் தாங்கும்" என்று முத்திரை குத்திய எந்தப் ப்ளைவுட்டும் போதுமா? எத்தனை தாள் வாங்க வேண்டும்?

அந்த முத்திரை பெரும்பாலும் அடுக்குகளுக்கு இடையே உள்ள பசையைப் பற்றியதுதான். உள் அடுக்குகளில் இடைவெளி இருக்கிறதா என்பதை அது சொல்லாது. தோணியைக் கெடுப்பது அந்த இடைவெளிதான். வளைக்கும்போது பலகை அங்கேதான் முறியும். பின்னால் ஈரம் புகுந்தால் அங்கேதான் தங்கி உளுக்கத் தொடங்கும். பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரத்தில் வரும் மரைன் ப்ளைவுட்டில் உள் அடுக்குகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கிடைக்காவிட்டால் தாளின் நான்கு விளிம்புகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். 5 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி மெதுவாக வளையுங்கள். சீராக வளையாமல் ஓரிடத்தில் மட்டும் மடங்கினால் உள்ளே ஓட்டை இருக்கிறது. இன்னொரு சிறு துண்டை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, நன்றாக உலர்த்தி, மறுபடியும் கொதிக்கவையுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தத் தாள் வேண்டாம்.

2440 x 1220 மி.மீ. தாளில், 6 மி.மீ. கனத்தில் மூன்று போதும். எடைகுறைந்த மரத்தில் செய்த தாள் ஒன்று சுமார் 9 கிலோ இருக்கும். கனமான மரமென்றால் 12 கிலோவைத் தாண்டும். தோணியைத் தோளில் தூக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். 4 மி.மீ. பலகையிலும் கட்டலாம்; அப்போது உள்ளும் புறமும் முழுவதும் ஃபைபர் கிளாஸ் துணி போர்த்த வேண்டியிருக்கும்.

கேள்வி: பலகையின் நீளம் 2.44 மீட்டர்தான். இரண்டை எப்படி இணைப்பது?

கைதேர்ந்தவர்கள் இரு முனைகளையும் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். சரிவின் நீளம் கனத்தைப் போல எட்டு மடங்கு, அதாவது 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. முதல் தோணிக்கு எளிய வழி, முனைகளை நேராக முட்டவைத்து இருபுறமும் 15 செ.மீ. அகலத்துக்கு ஃபைபர் கிளாஸ் ஒட்டுவது. உட்புறம் பட்டைப் பலகை வைத்தும் ஒட்டலாம். ஆனால் பட்டை இருக்கும் இடம் விறைத்துக்கொள்ளும். வளைவில் அந்த இடம் மட்டும் தட்டையாகத் தெரியும். எந்த முறையானாலும் அடியில் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள், இல்லையென்றால் பலகை மேசையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்கப் பலகைகளையும் சேர்த்து வைத்து ஒன்றாகச் சீவினால்தான் இரண்டும் ஒரே அளவாக இருக்கும்.

கேள்வி: செப்புக் கம்பியால் தைத்து முடித்துவிட்டேன். ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை சாய்ந்து தெரிகிறது. எபாக்சி வைத்து இறுக்கினால் நேராகிவிடுமா?

ஆகாது. எபாக்சி இறுகியதும் அந்த முறுக்கும் அப்படியே நிலைத்துவிடும். முறுகிய தோணி நேராகப் போகாது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், துடுப்புப் போடுபவர் கடைசிவரை அதைத் திருத்திக்கொண்டே வர வேண்டும். ஆகவே ஒட்டத் தொடங்கும் முன் எத்தனை மணி நேரம் ஆனாலும் இதைச் சரிசெய்யுங்கள். தோணி கட்டுவதில் மிக முக்கியமான கட்டம் இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

முதலில் தோணி உட்காரும் தாங்கிகளை ரசமட்டம் வைத்துச் சமன்செய்யுங்கள். முறுக்குக்குப் பாதிக் காரணம் தாங்கிகள்தான். பிறகு ஒரே அகலமுள்ள நேரான மூன்று கோல்களை எடுத்து, அணியத்தின் (முன்முனையின்) அருகே ஒன்று, நடுவில் ஒன்று, பின்முனை அருகே ஒன்று என மேல்விளிம்பின் குறுக்கே வையுங்கள். முனையில் குனிந்து கண்மட்டத்தில் பார்த்தால் மூன்றின் மேல்விளிம்பும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தால் அந்தப் பகுதியின் கம்பிகளைச் சற்றுத் தளர்த்துங்கள். உயர்ந்திருக்கும் பக்கத்தில் மணல் பையோ செங்கல்லோ வைத்து அழுத்தி, மறுபடியும் முறுக்குங்கள். அடுத்து அணியத்திலிருந்து பின்முனைக்கு ஒரு நூல் கட்டி, நடுவிலிருந்து இரு பக்க விளிம்புகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 3 மி.மீ. வேறுபாடு வரை விட்டுவிடலாம். அதற்கு மேலிருந்தால் திருத்துங்கள்.

இன்னொன்றும் உண்டு. பக்கப் பலகை வெளிப்புறம் சரிந்து நிற்பதால்தான் தோணியின் இரு முனைகளும் தாமாக மேலே எழுகின்றன. சரிவு கூடினால் அந்த எழுச்சியும் கூடும். நடுவில் விரித்து வைக்கும் தற்காலிகச் சட்டத்தை வரைபடத்தைவிட 2 செ.மீ. அகலமாக வெட்டினால் மேல் அகலம் மட்டுமல்ல, அடியின் வளைவும் மாறும். வளைவு மிகுந்த தோணி சட்டெனத் திரும்பும், நேராக ஓட மறுக்கும். சட்டத்தின் அளவை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

துளைகள் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில், 2 மி.மீ. விட்டத்தில் இருக்கட்டும். கம்பியை இறுதிவரை முறுக்காதீர்கள். பலகைகள் தொட்டால் போதும். மிஞ்சினால் கம்பி விளிம்பை அறுத்துக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி: மூட்டுகளை உட்புறம் நிரப்பும் கலவை வழிந்து ஓடுகிறது. கம்பிகளை எப்போது எடுப்பது?

எபாக்சியில் சேர்க்கும் மரத்தூள் போதவில்லை. ரம்பத்தூள் சொரசொரப்பாக இருக்கும், வேண்டாம். தேய்ப்பு இயந்திரப் பையில் சேரும் மாவு போன்ற தூளைச் சேருங்கள். குச்சியில் அள்ளிக் கவிழ்த்தால் விழாமல் நிற்பதே சரியான பதம். தேய்க்க எளிது என்று விற்கப்படும் எடையற்ற வெண்பொடியை மூட்டுக்குப் போடாதீர்கள், அதற்கு வலு கிடையாது.

முதல் நாள் கம்பிகளுக்கு இடைப்பட்ட இடங்களில் மட்டும் கலவையை வையுங்கள். இறுகியதும் கம்பிகளை வெட்டி உருவுங்கள். ஒட்டிக்கொண்ட கம்பியைச் சாலிடரிங் முனையால் சூடாக்கினால் இளகி வந்துவிடும். பிறகு 15 மி.மீ. ஆரமுள்ள வட்ட முனைப் பட்டையால் மூட்டு முழுக்க ஒரே இழுப்பாக நிரப்பி, அது இறுகும் முன்பே 75 மி.மீ. ஃபைபர் கிளாஸ் டேப்பை அதன்மேல் படுக்கவைத்து எபாக்சியில் நனையுங்கள். டேப் வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போல் ஆக வேண்டும். வெள்ளையாக நிற்கும் இடம் நனையாத இடம்.

கேள்வி: எபாக்சி பூசி இரண்டு நாளாகியும் பிசுபிசுவென்று இருக்கிறது. ஹார்டனரை (பிசினை இறுகவைக்கும் இரண்டாம் கூறு) கூடுதலாகச் சேர்த்து இன்னொரு பூச்சு அடிக்கலாமா?

கூடவே கூடாது. பாலியெஸ்டர் ரெசின் என்ற வேறு வகைப் பிசினில் வினையூக்கியைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும். அந்தப் பழக்கத்தை எபாக்சிக்குக் கொண்டுவந்தால் கெட்டுப்போகும். எபாக்சியில் பிசினைப் போலவே ஹார்டனரும் ஒரு வினைப்பொருள். கூடினாலும் குறைந்தாலும் மிச்சம் வினைபுரியாமல் உள்ளேயே மெழுகாக நிற்கும். பிசினுக்கும் ஹார்டனருக்கும் உள்ள விகிதம் 2:1, 3:1, 5:1 என்று தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறு. அது கொள்ளளவில் ஒன்றாகவும் எடையில் வேறாகவும் இருக்கும் என்பதால் டப்பாவில் எந்தக் கணக்கு போட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடம், கோப்பையின் அடியையும் சுவரையும் வழித்து வழித்துக் கலக்குங்கள்.

இப்போது விரலால் தொட்டுப் பாருங்கள். முழுப் பரப்பும் ஒரே மாதிரி இளகலாக இருந்து, வானிலையும் 15 டிகிரிக்குக் கீழ் என்றால் குளிர்தான் காரணம், சூடாக்கினால் இறுகிவிடும். அங்கங்கே மட்டும் பிசின் போலிருந்தால் கலவை சரியில்லை. அந்த இடங்களைச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, மறுபடி பூசுங்கள். கெட்டியாக இறுகி, மேலே மட்டும் மெழுகு தடவியது போல இருந்தால் அது இறுகும்போது வெளிவரும் படலம். வெறும் தண்ணீரும் நார்ப்பட்டையும் போதும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், அடுத்த பூச்சும் பிடிக்காது.

மொத்தம் 5 முதல் 6 லிட்டர் செலவாகும். ஒரே தடவையில் நிறையக் கலக்காதீர்கள். கோப்பையில் தேங்கிய எபாக்சி தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். கையுறை கட்டாயம். தோலில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள், தின்னர் வேண்டாம். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு எபாக்சி இருக்கும் அறைக்குள் போவதே பாடாகிவிடும்.

கேள்வி: பூச்சில் சின்னச் சின்னக் குமிழ்கள் வருகின்றன.

காலையில் பூசியிருப்பீர்கள். மரம் சூடேறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே வருகிறது. வெப்பம் இறங்கத் தொடங்கும் மாலையில் பூசுங்கள்.

கேள்வி: இருக்கையில் உட்கார்ந்தால் தோணி ஆடுகிறது. அடியை இன்னும் அகலமாக்கியிருக்க வேண்டுமா?

பெரும்பாலும் குறை இருக்கையின் உயரத்தில்தான். அடித்தட்டிலிருந்து 20 செ.மீ.க்கு மேல் போகாதீர்கள். 5 செ.மீ. இறக்கினாலே உடனே வித்தியாசம் தெரியும். அலை உள்ள நீரில் மண்டியிட்டு உட்காருவது இன்னும் நல்லது.

சுமையையும் கணக்கிடுங்கள். இருவர் 140 கிலோ, தோணி 30, சாமான் 20 என்றால் மொத்தம் 190 கிலோ; அது 190 லிட்டர் நீரை விலக்க வேண்டும். இந்த அளவுள்ள தோணி ஒவ்வொரு 20 கிலோவுக்கும் ஏறத்தாழ 1 செ.மீ. அமிழும். நீர்மட்டத்துக்கு மேல் நடுவில் 15 செ.மீ. பக்கமாவது மிஞ்சியிருக்கட்டும்.

கேள்வி: வார்னிஷ் பூசியும் ஒரே பருவத்தில் திருகாணிகளைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழுந்துவிட்டது.

திருகாணித் துளையின் உட்சுவர் பூச்சில்லாத வெறும் மரமாகவே இருந்திருக்கிறது. நீர் அந்த வழியாக அடுக்குகளுக்குள் போய்விட்டது. துளையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சிக் கலவையால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் புதிதாகத் துளையிட்டுத் திருகுங்கள். வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றுக்கும் எபாக்சி மூன்று பூச்சு வேண்டும். எபாக்சி வெயிலில் வெளுத்துத் தூளாகும்; மேலே புறஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் நான்கைந்து பூச்சோ பெயின்ட்டோ கட்டாயம்.

கேள்வி: முனைகளில் காற்றறை அவசியமா?

அவசியம். மரம் மிதக்கும் என்பது உண்மை, ஆனால் நீர் நிரம்பிய தோணி விளிம்பளவு அமிழ்ந்து நின்றால் அதிலிருந்து நீரை இறைக்க முடியாது. இரு முனைகளிலும் 50 செ.மீ. உள்ளே குறுக்குத் தடுப்பு வைத்து மூடினால் ஒவ்வொன்றிலும் சுமார் 30 லிட்டர் காற்று கிடைக்கும். தடுப்பின் உச்சியில் 2 மி.மீ. துளை ஒன்று விடுங்கள். வெயிலில் உள்காற்று விரிந்து மூட்டைப் பிளக்காமல் இருக்க அது உதவும். முதல் நாள் இடுப்பளவு நீரில், மிதவை அங்கி போட்டுக்கொண்டு, தோணியை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, நீரை இறைத்துப் பாருங்கள். பிறகு தடுப்பின் பின்னால் ஈரம் புகுந்திருக்கிறதா என்று தோணியை ஆட்டிக் கேளுங்கள்.