செயலி காட்டும் பெயரை நம்பலாமா?

கேள்வி: திருநெல்வேலியில் தையல் கடை நடத்துகிறேன். கடை போர்டில் என் எண் இருப்பதால், புது எண் என்றாலும் எடுத்தே ஆக வேண்டும். ஒரு மாதமாக இரவு 10 மணிக்கு மேல் ஒரே எண்ணிலிருந்து அழைப்பு. "சாப்பிட்டாச்சா?" என்று ஓர் ஆண் குரல். பெயர் காட்டும் செயலியில் ஒரு பெயர் வருகிறது. அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாமா? 500 ரூபாய் கொடுத்தால் முகவரியே எடுத்துத் தருவதாக சிம் கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா.

யாரோ தன் போனில் பதிந்து வைத்த பெயரைத்தான் இத்தகைய செயலிகள் பெரும்பாலும் காட்டுகின்றன. என் எண்ணைத் தட்டிப் பார்த்தேன், 'வக்கீல் எடுக்காதே' என்று வந்தது. ஃபீஸ் பாக்கி வைத்த கட்சிக்காரராக இருக்கும்! அப்படி வந்த பெயரை ஸ்டேட்டஸில் போட்டு, ஆள் மாறிப்போனால், அவதூறு வழக்கில் எதிரியாக நிற்கப்போவது நீங்கள்.

சிம் கடைக்காரர் தருவது திருட்டுத் தகவல். தொலைபேசி நிறுவனத்தின் தரவை அனுமதியின்றி எடுப்பது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதே விவரத்தைக் காவல்துறை பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவில் முறையாகக் கேட்டு வாங்கிவிடும்.

நீங்கள் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "இனி இந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள்" என்று ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். திட்ட வேண்டாம், யாரென்று கேட்கவும் வேண்டாம். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் ஒரு பெண்ணை விடாமல் தொடர்புகொண்டால், பிஎன்எஸ் என்ற குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவுப்படி அது பின்தொடர்தல் குற்றம். முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை. அந்தத் தெளிவுக்குச் சாட்சி உங்கள் குறுஞ்செய்திதான். அதற்குப் பிறகும் அழைத்தால், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். மகளிர் உதவி எண் 181-லும் உதவி கேட்கலாம். அப்புறம் அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள், அழைப்புப் பட்டியலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

போர்டுக்குத் தனி சிம் வைத்து, கடை மூடியதும் அணைத்துவிடுங்கள். போனை எடுக்காமல் இருப்பது உங்கள் உரிமை. செயலி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 'தொடர்புகள்' அனுமதியைக் கொடுக்காதீர்கள். அளவு கொடுத்துவிட்டுப் போன பெண்களின் எண்களெல்லாம் அதில்தானே இருக்கின்றன?