தாத்தா போட்டோவுல நிக்கிற குட்டிக் காரு

கேள்வி: ஐயா, எங்க தாத்தா பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டத்துல தொர பங்களாவுக்கு டிரைவரா இருந்தவரு. அவரு ஒரு குட்டிக் காருகிட்ட நிக்கிற போட்டோ அனுப்பியிருக்கேன். அப்பா மொரிஸ் மைனர்னு அடிச்சி சொல்றாரு, சித்தப்பா ஒஸ்டின்ங்கிறாரு. முன்னுக்கு கிரில்லே இல்ல, கதவு வேற திருப்பி தொறந்திருக்கு. என்ன காரு இது?
- ஹட்டன் வாசகர்

பதில்: தம்பி, அப்பாவும் தோத்தாரு, சித்தப்பாவும் தோத்தாரு. இது இத்தாலிக்காரன் செஞ்ச பியட் 500. டுரின் நகரத்துல 1957 ஜூலை 4ஆம் திகதி வெளிய விட்டது, வரைஞ்சவரு தாந்தே ஜக்கோசா. அதுக்கு முந்தி 1936ல வந்த டோபோலினோவும் (இத்தாலியில மிக்கி மவுஸுக்கு அதான் பேரு) அவரு கைவேலதான், ஆனா அதுல எஞ்சின் முன்னுக்கு. யுத்தம் முடிஞ்சி வெஸ்பா ஸ்கூட்டர்ல குடும்பத்தையே ஏத்திக்கிட்டு போன சனத்துக்கு நாலு சில்லும் ஒரு கூரையும் குடுக்கணும்னுதான் இத செஞ்சாங்க.

கிரில் இல்லாததுக்கு காரணம், எஞ்சின் பின்னுக்கு. முன்னால மூடிய தூக்குனா பெட்ரோல் டேங்கும் ஸ்பெயார் வீலுந்தான் இருக்கும். 479 சிசி, ரெண்டே சிலிண்டர், வெறும் 13 குதிரைசக்தி, அதுவும் காத்துலயே குளிர்ற எஞ்சின், ரேடியேட்டர்னு ஒன்னே கெடையாது. நம்ம ரோட்டுக்கு இதவிட என்ன வேணும் சொல்லுங்க, என் பழைய காரு றம்பொட ஏத்தத்துல கொதிச்சி நின்னு நான் போத்தல்ல தண்ணி தேடி ஓடுனது எனக்குத்தான் தெரியும்! ஆனா கியர் மாத்துறது லேசு இல்ல, கியர் பல்லுங்கள ஒரே வேகத்துக்கு கொண்டாந்து சேக்குற சின்க்ரோமெஷ் இல்லாததால, கியர எறக்குறப்ப கிளச்ச ரெண்டு தரம் மிதிக்கணும். ஸ்டார்ட் பண்றதும் சாவியால இல்ல, சீட்டு நடுவுல ஹேண்ட்பிரேக்குக்கிட்ட ரெண்டு குட்டி லீவர், ஒன்னு சோக்கு (குளிர்ந்து கெடக்குற எஞ்சினுக்கு பெட்ரோல கூட்டி விடுறது), மத்தத இழுத்தா எஞ்சின் தடதடன்னு எந்திரிக்கும். தாத்தா கெட்டிக்காரருதான்.

மொத மொதல்ல வந்தப்ப சரியா விக்கல, பின் சீட்டுன்னு ஒழுங்கா ஒன்னும் இல்ல, கண்ணாடியும் எறங்காது, ஆரு வாங்குவா? சில மாசத்துலயே திருத்திட்டாங்க, அப்பறம் 1975 வர ஓடுச்சு.

இப்ப கதவுக்கு வருவம். கீல் பின்பக்கம் இருக்குறதால அப்புடி தொறக்குது, 1965ல வந்த 500 எப் மாடல்லதான் அத முன்பக்கம் மாத்துனாங்க. ஆக உங்க காரு அதுக்கு முந்தினது. காரோட கூரை தாத்தா நெஞ்சு மட்டத்துக்குத்தான் வருது பாருங்க, ஒசரமே 132 சென்டிமீட்டர்தான், நீளம் மூணு மீட்டருக்கும் கொறவு. கூரையில சுருட்டி கட்டியிருக்குறது மழைக்கு போட்ட படங்குன்னு நெனச்சிராதீங்க, கூரையே துணிதான்.

குளிருக்கு எஞ்சின்ல சூடான காத்தையே உள்ளுக்கு விடுவாங்க, சூடும் வரும், ஒயில் வாசமும் சேந்து வரும். தாத்தாவோட பழைய கோட்டு வீட்டுல கெடந்தா ஒருக்கா மோந்து பாருங்களேன்.