அந்த நோட்டு யாருடையது?

கேள்வி: என் மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான். வாசிக்கவும் எழுதவும்தான் வராது. 'டிஸ்லெக்ஸியா' என்று ஐந்தாம் வகுப்பிலேயே டாக்டர் சொன்னார். எட்டாவது படிக்கும் தங்கைதான் அவனுக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொடுப்பாள், அதனால் இதுவரை பிரச்சினை இல்லை. இப்போது பள்ளியில், டி.சி. வாங்கிக்கொண்டு தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பரீட்சை எழுதவைக்கச் சொல்கிறார்கள். வாங்கிவிடலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: டி.சி.க்குப் பிறகு வருகிறேன். 'அதனால் இதுவரை பிரச்சினை இல்லை' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை.

யாருக்கம்மா பிரச்சினை இல்லை? மூன்றாம் வகுப்பில் அந்தப் பெண் கையில் கொடுத்த வேலை, இன்று அண்ணனின் பத்தாம் வகுப்பு அறிவியல்வரை வந்து நிற்கிறது. அவளுடைய பாடத்தை அவள் எப்போது எழுதுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்களா? அவன் தம்பியாக இருந்து, எழுத வராதவள் அக்காவாக இருந்திருந்தால், பையனை உட்காரவைத்து எழுதச் சொல்லியிருப்பீர்களா? மாட்டீர்கள். எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டேன். கூடப்பிறந்தவள் தோள் கொடுக்கலாம். அவனுடைய கையாகவே அவளை ஆக்குவது பாசம் இல்லை, பெற்றவர்கள் தட்டிக்கழித்த வேலை. (அப்பாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. வீட்டில் இருந்தால் இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.)

பையனுக்காவது நன்மை உண்டா என்றால் அதுவும் இல்லை. பரீட்சைத் தாளில் கோணல்மாணல், வீட்டுப்பாட நோட்டில் முத்து முத்தான எழுத்து. இரண்டையும் பார்க்கிற ஆசிரியர் என்ன நினைப்பார்? 'மனசு வைத்தால் எழுதுவான், சோம்பேறி' என்றுதான். அந்தப் பட்டத்தை அவனுக்கு வாங்கிக்கொடுத்தது நீங்கள்.

டாக்டர் சொன்னார் என்கிறீர்கள். சான்றிதழ் வாங்கியதாக எழுதவில்லை. வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு யாரும் சலுகை தரமாட்டார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அரசு மருத்துவக் குழுவிடம் சான்றிதழ் வாங்கித் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பியுங்கள். மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு, கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் என்று இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு நம் மாநிலப் பொதுத்தேர்வில் சலுகைகள் உண்டு. அரையாண்டுவரை இழுக்காதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைப் போய்ப் பாருங்கள்.

டி.சி. கேட்டு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். திறந்தநிலைப் பள்ளி மட்டமானது என்று நான் சொல்லவில்லை. ஐந்து பாடம் தேறினால் போதும். ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. ஒவ்வொன்றாகக்கூட எழுதி முடிக்கலாம். தமிழிலும் எழுதலாம். சில பிள்ளைகளுக்கு அதுதான் சரியான வழி. ஆனால் பிள்ளைக்காகப் போகவேண்டிய இடம் அது, பள்ளிக்கூடத்தின் நூறு சதவீதத் தேர்ச்சிக்காக அல்ல. தினமும் வகுப்பு இல்லாத படிப்பை வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? உங்கள் வீட்டு வழக்கப்படி பார்த்தால் இன்னும் ஐந்து வருடம் அந்தப் பெண் தலையில்தான் விழும்.

இன்னொன்று. தேர்வறையில் எழுதுபவர் அவன் சொல்வதை மட்டுமே எழுதுவார். தங்கை மாதிரி விடையையும் தானே யோசித்துப் போடமாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வது வேறு, ஐந்து மதிப்பெண் விடையை முதலிலிருந்து கடைசிவரை கோவையாகச் சொல்லி எழுதவைப்பது வேறு. அதற்குப் பழக்கம் வேண்டும். தினமும் அரைமணி நேரம் நீங்களோ அவன் அப்பாவோ உட்காருங்கள். அவன் சொல்லட்டும், சொன்னதை அப்படியே எழுதுங்கள். ஒரு வார்த்தை கூட்டிச் சேர்க்காதீர்கள்.

இன்று ராத்திரி வீட்டுப்பாட நோட்டைத் தங்கையிடமிருந்து வாங்கி அவன் கையில் கொடுங்கள். எழுத்து தலைகீழாக வரட்டும், பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கட்டும். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாமல் தேதி போட்டு வையுங்கள். தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது அதைத்தான் எடுத்துப்போக வேண்டும்.