முகம் கோணாத பணிவிடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் தாதியாக வேலை செய்கிறேன். நான் பார்க்கும் குடும்பங்களில் பாதிக்கு மேல் சீனர்கள். இப்போது பார்த்துவரும் பெரியவருக்கு வயது 81. நுரையீரல் புற்று எலும்புவரை போய்விட்டது. அவரிடம் ‘நெஞ்சில் சளி’ என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னார்கள். சாப்பாடு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மூத்த மகன், வந்த அன்றே உணவு செலுத்த மூக்குக்குழாய் போடச் சொன்னார். கூடவே இருந்து பார்க்கும் மகள் வாய் திறப்பதில்லை. வலிக்குத் தரும் மார்ஃபின் என்றால் எல்லோருக்கும் பயம். பெற்றோரைத் தெய்வமாக வைத்திருக்கும் மரபு என்று படித்திருக்கிறேன். இது பாசமா, பயமா? வீட்டுக்குள் போய்வரும் நான் இதில் என்ன செய்ய முடியும்?

வி., சிங்கப்பூர்

அன்புள்ள வி.,

இரண்டும்தான். ஆனால் மூக்குக்குழாய் கேட்பது பெரும்பாலும் பயம். சீனர்கள் ‘ஷியாவ்’ என்று சொல்லும் பெற்றோர் கடன், ஊர் பார்க்கச் செய்யவேண்டிய ஒன்றாக நெடுங்காலமாக இருந்துவருகிறது. ‘ஷியாவ் இல்லாதவன்’ என்பது அவர்களிடம் மிகக் கனமான வசை. சாவு வீட்டில் சித்தப்பாவும் அத்தையும் கேட்கப்போகும் கேள்வி அந்த மூத்த மகனின் காதில் இப்போதே விழுகிறது: ‘அப்பாவைப் பட்டினி போட்டா அனுப்பினாய்?’ குழாய் நாலு பேர் கண்ணில் படும். ஆஸ்பத்திரி பில்லும் படும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து மகள் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைப்பது யார் கண்ணிலும் படாது.

இதற்காக மரபைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றோருக்குச் சோறு போடுவதையே ஷியாவ் என்கிறார்கள், நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி போடுகிறோம், மரியாதை இல்லாவிட்டால் என்ன வித்தியாசம் என்று கன்பூசியஸ் ஒரு சீடரிடம் கேட்கிறார். இன்னொரு சீடருக்கு அவர் தந்த பதில் இன்னும் சுருக்கம்: கடினமானது முகம்தான். வேலையைச் செய்துவிடலாம், முகம் கோணாமல் செய்வதுதான் கடினம். ஷியாவ் பற்றிய பழைய நூலில், தந்தை தவறான வழியில் போகும்போது மகன் எடுத்துச் சொல்லாமல் இருப்பது ஷியாவ் ஆகாது என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. ‘இருபத்து நான்கு நல்ல பிள்ளைகள்’ கதைகளில் ஒருவர், வைத்தியர் சொன்னபடி தந்தையின் மலத்தைச் சுவைத்துப் பார்க்கிறார். கசந்தால் பிழைப்பார் என்பது கணக்கு. இனித்தது. தந்தைக்குப் பதில் தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி துருவ நட்சத்திரத்தை வேண்டினார். தந்தை பிழைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைகளின் வரிசையில்தான் இருக்கிறார். நோயின் உண்மை நிலையைத் தெரிந்துகொள்ளத் துணிந்ததுதான் அவர் பெருமை. உயிரை இழுத்துப் பிடித்ததற்காக யாரும் அவரைப் புகழவில்லை.

இனி மறைப்பதற்கு வருகிறேன். தெரிந்துவிட்டால் மனம் விட்டுப்போகும், மனம் விட்டுப்போனால் உடம்பும் போய்விடும், அதனால் பாரத்தைப் பிள்ளைகள் சுமக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். சீனாவின் குடிமைச் சட்டமே, நோயாளியிடம் சொல்வது உகந்ததல்ல என்றால் நெருங்கிய உறவினரிடம் மருத்துவர் விளக்கவேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் சுயநினைவோடு இருக்கும் நோயாளிதான் முடிவெடுக்க வேண்டியவர். ஆனால் சட்டத்தைச் சொல்லி அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது. சீனக் கிராமங்களில் முதியவர்கள் தங்கள் சவப்பெட்டியை உயிரோடிருக்கும்போதே செய்துவைத்தார்கள். கடைசியில் உடுத்தும் ‘ஆயுள் ஆடை’யையும் தாங்களே தைத்துப் பெட்டியில் மடித்துவைத்தார்கள். அதை யாரும் அபசகுனமாக நினைக்கவில்லை. ஆக, சாவைப் பற்றிப் பெரியவர் பேசுவதற்குத் தடை இல்லை, பிள்ளை பேச்செடுப்பதற்குத்தான் தடை. அவர் தொடங்க வழிசெய்து கொடுங்கள். முதலில் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: ‘நானாக நோயின் பெயரை எடுக்கமாட்டேன். அவராக நேருக்கு நேர் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன்.’ இதற்கு மறுப்புச் சொல்லும் குடும்பங்கள் குறைவு. பிறகு அவரிடம், ‘அங்கிள், உங்கள் உடம்பைப் பற்றி டாக்டர் சொல்வதை நீங்களே கேட்க விருப்பமா, பிள்ளைகளிடம் சொன்னால் போதுமா?’ என்று கேளுங்கள். ‘மகனிடம் சொல்’ என்றால் அதுவும் அவருடைய முடிவு, மதித்துவிடலாம். சுவரில் மாட்டிய படங்களில் எது நன்றாக இருக்கிறது, மனைவியின் அஸ்தி மண்டாய் அஸ்தி மாடத்தில் இருக்கிறதா, பக்கத்து மாடம் வாங்கியாயிற்றா என்று பேச்சு போனால் போதும், மற்றதை அவரே சொல்வார். பெரும்பாலான முதியவர்களுக்கு விஷயம் தெரிந்துதான் இருக்கிறது. பிள்ளைகள் திடீரென்று எதிர்த்துப் பேசுவதை நிறுத்தியதிலிருந்தே ஊகித்துவிடுகிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். அடிவேர் இங்கேதான் இருக்கிறது. பசியோடு போனவர் பசித்த ஆவியாக அலைவார் என்ற அச்சம், ஆவிகளுக்கான ஏழாம் மாதப் படையலை இன்றும் நடத்தும் குடும்பங்களில் உயிரோடு இருக்கிறது. ‘சாப்பிட மறுக்கிறார், அதனால் சாகிறார்’ என்று அவர்கள் பார்க்கிறார்கள். நடப்பது தலைகீழ். உடம்பு மூடிக்கொண்டுவருவதால் உணவை ஏற்க மறுக்கிறது. இதை ஒருமுறை சொன்னால் பதியாது, வெவ்வேறு நாளில் மருத்துவரும் நீங்களும் சொல்லவேண்டியிருக்கும். கடைசி வாரங்களில் குழாய் வழியாகப் போகும் பால், இரைப்பையிலிருந்து மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும். உடம்பால் வெளியேற்ற முடியாத நீர் கால்வீக்கமாகவும் நெஞ்சுக் கரகரப்பாகவும் வெளிப்படும். அவர் குழாயைப் பிடுங்குவார், பிறகு கைகளுக்குப் பஞ்சுக்கையுறை மாட்டிக் கட்டிலோடு கட்டுவார்கள். மூத்த மகனிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். குழாய் போடச் சொல்லும் பலருக்குக் கை கட்டுவது தெரியாது.

வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மகனின் கை வெறுமையாகிவிடும். பதிலுக்கு ஒரு வேலை கொடுங்கள்: வாயால், மெதுவாக, அப்பா கேட்கும் அளவுக்கு ஊட்டுவது. தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை சற்றே தாழ்ந்திருக்க, தேக்கரண்டியில் பாதி. விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகு அடுத்தது. இரண்டு மூன்று கரண்டியோடு முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான். ஊட்டியபின் அரைமணி நேரம் சாய்க்கக் கூடாது. தூக்கக்கலக்கத்தில் இருக்கும்போது ஊட்டவே கூடாது.

கஞ்சியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அன்பாகக் கொடுக்கும் கஞ்சிதான் பல வீடுகளில் புரையேற்றுகிறது. தியோச்சியூ எனும் சீனப் பிரிவுக் குடும்பங்களின் கஞ்சியில் நீர் தனியாகவும் பருக்கை தனியாகவும் நிற்கும். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு இது ஆபத்து: பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே நீர் முன்னால் ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கான்டனீஸ் முறையில் ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் வைத்து, பருக்கை உடைந்து கரையும்வரை கொதிக்கவிட்டு, பிறகு அரைத்து ஒரே பதமாக்கிக் கொடுக்கவேண்டும். அப்படியும் பாதிக் கிண்ணத்துக்குள் கஞ்சி நீர்த்துவிட்டது என்பார்கள். வாயில் பட்ட கரண்டியை அதே கிண்ணத்தில் திரும்பத் திரும்ப விடுவதுதான் காரணம். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டினால் பெரிய கிண்ணம் கெடாது. கெட்டியாக்கும் தூள் வாங்கினால் மாவுச்சத்து வகையைவிட சாந்தன் பசை வகை நல்லது, எச்சில் பட்டாலும் இளகாது.

மூலிகை சூப்புக்கு அவர்களைத் திட்டாதீர்கள், அதில் அம்மாவின் கைப்பழக்கம் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவருக்கு ஜின்செங், தாங்குயி என்ற வேர்கள் வேண்டாம்: முதலாவது மருந்தின் வேலையைக் குறைக்கும், இரண்டாவது ரத்தக்கசிவைக் கூட்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு நெடுநேரம் கொதித்த சூப்பில் பொட்டாசியம் சேரும். அதே சூப்பை வடிகட்டிப் பஞ்சுக்குச்சியில் நனைத்து, இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நாக்கையும் ஈறையும் துடைக்கச் சொல்லுங்கள். சுவை அவருக்குக் கிடைக்கும், பசியோடு அனுப்பவில்லை என்ற நிறைவு மகனுக்கும் கிடைக்கும். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் உதட்டுக்கு வாசலின் தடவாமல் நீரை அடிப்படையாகக் கொண்ட களிம்பு தடவுங்கள்.

அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின்மேல் உள்ள பயத்துக்குப் பின்னால் சீனாவின் அபின் போர்க்காலத்து நினைவும், ‘அது போட்டால் முடிவு’ என்ற நம்பிக்கையும் சேர்ந்திருக்கின்றன. வலி தாங்கமுடியாமல் போன பிறகே தொடங்குவதால் மருந்தும் மரணமும் அடுத்தடுத்து வருகின்றன, நம்பிக்கை உறுதிப்படுகிறது. முதியவருக்குச் சிறு அளவில், வாய்வழியாக 2.5 மில்லிகிராம் போலத் தொடங்கி, கடிகாரம் பார்த்துக் கொடுப்பது உங்களுக்குத் தெரிந்ததே. குடும்பம் மருந்தை நிறுத்துவது பெரும்பாலும் மலச்சிக்கலால். முதல் நாளே மலமிளக்கியும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் வந்து அடங்கும் என்பதை முன்கூட்டியே சொன்னால் பதறமாட்டார்கள்.

தூரத்திலிருந்து வந்து இறங்கி, எல்லா வைத்தியமும் செய் என்று கட்டளையிடும் பிள்ளைக்குத் தைவானில் ‘வானத்தின் விளிம்பிலிருந்து வரும் நல்ல பிள்ளை’ என்றே பெயர் இருக்கிறது. அங்கே 2017இல் நாடறிய ஒரு சச்சரவு நடந்தது. பதிப்பாளர் பிங் ஷின்தாவோ, தன்னைத் தீவிர சிகிச்சையில் வைக்கவேண்டாம், குழாய்கள் போடவேண்டாம் என்று பிள்ளைகளுக்கு எழுதிவைத்திருந்தார். மறதிநோயும் பக்கவாதமும் வந்தபோது, மனைவியான நாவலாசிரியர் ச்சியோங் யாவ் அந்தக் கடிதத்தைக் காட்டினார். முதல் மனைவியின் பிள்ளைகளோ, அப்பா இன்னும் சாகும் நிலையில் இல்லை, கடிதம் இதற்குப் பொருந்தாது என்றார்கள். குழாய் போடப்பட்டது. இரண்டு பக்கமும் அவர்மேல் அன்புள்ளவர்கள். எழுதியது போதாது, எந்த நிலையில் என்ன வேண்டாம் என்று எல்லோரையும் உட்காரவைத்துப் பேசவேண்டும் என்பது அங்கே பலருக்கும் உறைத்தது. 2019 ஜனவரி 6 முதல் நடப்புக்கு வந்த தைவானின் நோயாளர் தன்னுரிமைச் சட்டம், ஆவணம் எழுதும் முன் உறவினரோடு மருத்துவமனை ஆலோசனையில் உட்காரச் சொல்கிறது.

நீங்கள் பார்க்கும் வீட்டிலும் அப்படி ஒரு கூட்டம் வேண்டும். அதற்கு முன்பு மூத்தவரை இரண்டு இரவு அப்பாவின் அறையில் படுக்கச் சொல்லுங்கள், இரண்டு மணிக்கொருமுறை புரட்டட்டும், ஊட்டட்டும். கூட்டத்தில் ‘எல்லாம் செய்யட்டுமா?’ என்று எந்த மருத்துவரும் கேட்டுவிடக் கூடாது. அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லும் சீன மகன் கிடையாது. ‘அப்பா இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் என்ன சொல்வார்?’ என்று கேட்கவேண்டும். அப்பாவின் சொல்லைக் கேட்பது ஷியாவ் ஆகிவிடுகிறது. கடைசியில் ‘குழாய் வேண்டாம் என்பது என் பரிந்துரை’ என்று மருத்துவர் தன் வாயால் சொல்லவேண்டும். நாளை அத்தை கேட்டால், டாக்டர் சொன்னார் என்று சொல்ல மகனுக்கு அது உதவும். அப்பாவால் முடிவெடுக்க முடியாதபோது அவர் சார்பில் முடிவெடுக்கும் நிரந்தர அதிகாரப் பத்திரம் மகனிடம் இருந்தாலும், சிங்கப்பூர்ச் சட்டப்படி உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய முடிவு அதில் அடங்காது என்பதையும் அங்கே தெளிவாக்கிவிடலாம். மகளுக்கு மாற்றாள் யார் என்பதையும் அதே கூட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நீண்ட நோய்ப்படுக்கையின் முன் நல்ல பிள்ளை நிற்பதில்லை என்பது அவர்களுடைய பழமொழி. அது கெட்ட பிள்ளைகளைப் பற்றியதல்ல, தூக்கம் கெட்ட பிள்ளைகளைப் பற்றியது.

வீட்டிலேயே முடியட்டும் என்று முடிவானால், வீட்டு மருத்துவரின் எண்ணைக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். பதற்றத்தில் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைத்தால் வருகிறவர்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிடுவார்கள். தைவானில் ‘ஒரு மூச்சு மிச்சமிருக்க வீட்டுக்கு’ என்று கையால் காற்றழுத்தியபடியே ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, கூடத்தில் படுக்கவைத்துக் குழாயை எடுப்பார்கள். வெளியே இறந்தவரை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்பதால் அந்த அவசரம். உங்கள் பெரியவர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறார், அந்தக் கவலை இல்லை. கடைசி நாளுக்கு முன் திடீரென்று தெளிந்து நூடுல்ஸ் கேட்கலாம். மூத்தவர் அதைப் பிழைப்பு என்று நினைத்து விமானம் ஏறிவிடக் கூடாது, முன்னமே சொல்லிவையுங்கள். தொண்டைக் கரகரப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஆழமாக உறிஞ்சி எடுப்பதில் பயனில்லை, வலிதான்.

இன்னொன்று. அவர்கள் பௌத்தர்களா, தாவோ வழியினரா, கிறிஸ்தவர்களா என்பதை இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அமிதாப புத்தரை வழிபடும் பௌத்தர்கள் மூச்சு நின்ற பிறகு எட்டு மணி நேரம் உடலைத் தொடாமல் நாமம் சொல்வார்கள். நீங்கள் வழக்கப்படி உடனே ஊசியைக் கழற்றி, துடைத்து, உடை மாற்றப் போனால் அது அவர்களுக்குப் பெரிய துயரம். ஊசியை எப்போது எடுப்பது, ஆயுள் ஆடையை யார் உடுத்துவது, குளிர்சாதனத்தை எந்த அளவில் வைப்பது, சடங்கு நடத்துபவரை எத்தனை மணிக்கு வரச்சொல்வது ஆகிய நான்கையும் மகளிடம் கேளுங்கள். அவருக்குத்தான் தெரியும்.

அன்புடன்
ஆசிரியர்