கூண்டு ஏறாத காற்று

அன்புள்ள ஐயா,

என் மகள் அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் இருக்கிறாள். போன வாரம் சூறாவளி வருகிறது என்று சைரன் ஒலித்ததும் கணவனும் குழந்தையுமாகக் குளியலறைக்குள் போய் அடைந்துகொண்டார்களாம். "சென்னையில் எத்தனை சூறாவளி பார்த்திருக்கிறோம், இதற்கா பயப்படுவது? ஜன்னலருகே நின்று ஒரு வீடியோ எடுத்து அனுப்பு" என்றேன். கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். அவ்வளவு பணக்கார நாட்டில் ஏன் மரத்தில் வீடு கட்டுகிறார்கள்?

கே., பெரம்பூர்

அன்புள்ள கே.,

மர வீட்டைப் பற்றிப் பொறியாளர்கள் பேசட்டும். ஜன்னலருகே நிற்கச் சொன்னீர்களே, பெற்ற பெண்ணிடம் சொல்லும் பேச்சா அது? படித்ததும் பதறிவிட்டேன்.

ஆனால் தவறு முழுக்க உங்களுடையது அல்ல. கடலில் பிறந்து நாள்கணக்கில் நகர்ந்து வரும் புயலும் சூறாவளி, இடிமேகத்தின் அடியிலிருந்து தரைக்கு இறங்கும் டொர்னேடோ என்ற சுழற்காற்றும் சூறாவளி என்றுதான் நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. பல மாதங்களாக இது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

புயல் வந்தால் என் அப்பா கேட்பது ஒன்றுதான்: "துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு?" அந்த எண்ணை வைத்தே மெழுகுவத்தி வாங்குவதா, மாடித் தகரத்தை இழுத்துக் கட்டுவதா என்று முடிவு செய்துவிடுவார். 2016இல் வர்தா வரப்போவதும் நமக்கு முன்பே தெரியும். டொர்னேடோவுக்குக் கூண்டு ஏற்ற நேரம் ஏது? அமெரிக்காவிலேயே எச்சரித்தபின் சராசரியாகப் பத்து நிமிடம் கிடைத்தால் உண்டு. அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். மிகக் கொடியவற்றில் காற்று மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டும். ஒன்றோடு நிற்பதும் இல்லை. 2011 ஏப்ரலில் அங்கே நான்கே நாளில் ஏறத்தாழ 360 இறங்கின.

அந்த நாட்டிலேயே 1880களிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக, மக்கள் பீதியடைவார்கள் என்று அஞ்சி, வானிலை அறிக்கையில் டொர்னேடோ என்ற சொல்லையே தவிர்த்தார்கள். 1925 மார்ச் 18 அன்று மிசூரி, இல்லினாய், இண்டியானா என்று மூன்று மாநிலங்களைக் கிழித்துப்போன ஒரே டொர்னேடோ 695 பேரைக் கொன்றது. வருகிறது என்று சொல்ல ஆள் இல்லை. 1948இல் உங்கள் மகள் இருக்கும் ஓக்லஹோமாவில்தான், டிங்கர் விமானப்படைத் தளத்தில், இரண்டு அதிகாரிகள் துணிந்து முதல் முன்னறிவிப்பைத் தந்தார்கள். அன்று மாலையே அது வந்தது.

உலகிலேயே அதிகம் பேரைக் கொன்ற டொர்னேடோ வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் வந்தது, 1989 ஏப்ரல் 26 அன்று. நம் வங்கக் கடலின் ஈரக்காற்றின் மேல் மேற்கிலிருந்து வறண்ட காற்று வந்து கவிந்தால் அங்கே இப்படி நேரும். ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். நம்மில் பலருக்கு அதுவும் வங்கதேசத்தில் வந்த இன்னொரு புயல்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அப்போது பட்டினப்பாக்கத்தில் இருந்தேன். எங்களுக்கு மீன் கொடுக்கும் அம்மா ஓடிவந்து, "கடல் உள்ளே வருகிறது" என்று கத்தினார். "மார்கழி அலை, பதறாதீர்கள்" என்றேன், மாடியில் நின்றுகொண்டு. அவர் கூடையை வாசலில் எறிந்துவிட்டுப் பிள்ளைகளைத் தேடித் திரும்பி ஓடினார். பிள்ளைகள் பிழைத்தார்கள். மாமியார் பிழைக்கவில்லை. உள்ளே வந்த அந்த அலைக்குப் பெயர் அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. மறுநாள் சுனாமி என்ற சொல்லை அறியாத குழந்தை சென்னையில் இல்லை.

அதனால்தான் டொர்னேடோ என்றே எழுதுங்கள் என்று மன்றாடுகிறேன். வங்காளிகள் அப்படித்தான் எழுதுகிறார்கள். நல்ல தமிழ்ச் சொல் பிறக்கட்டும், மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.

இன்று மாலை, அங்கே விடிந்ததும், மகளைக் கூப்பிடுங்கள். குளியலறைக்குள் ஓடியது சரி என்று முதலில் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறைதான் வேண்டும். பிறகு, குழந்தைக்கு ஒரு ஜோடி ஷூ அங்கேயே எடுத்து வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். காற்று போனபின் தரையெல்லாம் உடைந்த கண்ணாடியாகக் கிடக்கும்.