ஐந்து பேருக்கு 30 சிங்கி என்று சொன்னவரை நம்பலாமா?

கேள்வி: நாங்கள் ஃபுளோரிடாவில் டாம்பா பக்கம் இருக்கிறோம். ஜூலை கடைசியில் மச்சான் குடும்பம் மதுரையிலிருந்து வருகிறது. எல்லோருமாகக் கீஸ் தீவுகளுக்குப் போய் மினி சீசனில், அதாவது வழக்கமான சீசனுக்கு முன் வரும் அந்த இரண்டு நாள் பருவத்தில், சிங்கி இறால் பிடிக்கலாம் என்று திட்டம். எனக்கு ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு முக்குளிப்பது) சான்றிதழ் இருக்கிறது. மச்சானுக்கு நீச்சல் மட்டும் தெரியும். என் மனைவி, மச்சான் மனைவி, என் 10 வயது மகன் மூவரும் படகிலேயே இருப்பார்கள். வாடகை வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்தவர் ஒருவர் காசுக்குப் படகில் கூட்டிப்போவார் என்கிறார். அந்தப் படகுக்காரர், "ஐந்து பேர் என்றால் 30 பிடிக்கலாம், அளவை மேலே வந்து பார்த்துக்கலாம், வாலை மட்டும் வெட்டி ஐஸில் போட்டுக்கலாம்" என்கிறார். இறால் இருக்கும் இடங்களின் ஜிபிஎஸ் புள்ளிகளையும் விலைக்குத் தருகிறாராம். லைசென்ஸ் எடுக்கப் போனால் ஓர் இணையதளம் பெரிய தொகை கேட்கிறது. போன ஆகஸ்டில் ஒரு மீன்பிடிப் படகில் தொட்டி நிறையக் குட்டிச் சிங்கிகளைப் பார்த்தோம், அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் அளவு விஷயத்தில் நாங்கள் இவ்வளவு பயப்பட வேண்டுமா?

பதில்: பயப்பட வேண்டும். கடலைப் பார்த்து அல்ல, அந்தப் படகுக்காரர் பேச்சைக் கேட்டு. அவர் சொன்னவற்றில் ஒன்றுகூடச் சரியில்லை.

முதலில் எண்ணிக்கை. கீஸ் தீவுகள் மன்ரோ கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வருகின்றன. அங்கே ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 சிங்கிதான். மினி சீசனில் ஃபுளோரிடாவின் மற்றப் பகுதிகளில் 12 வரை பிடிக்கலாம். மன்ரோவிலும் பிஸ்கேன் தேசியப் பூங்காவிலும் மட்டும் 6. இந்த 6 என்பது பிடிக்கிற ஆளுக்கான கணக்கு. படகில் உட்கார்ந்து பழச்சாறு குடிக்கிறவருக்கும் சேர்த்து நீங்கள் பிடித்துக் கொடுக்க முடியாது. தண்ணீரில் இறங்குவது நீங்கள் இரண்டு பேர், ஆக 12. உங்கள் மகனுக்கு 16 வயது ஆகாததால் லைசென்ஸ் வேண்டாம், அவன் தானே இறங்கித் தானே பிடித்தால் அவனுக்கும் 6 உண்டு. படகில் இருந்தால் இல்லை. 30 என்ற கணக்கோடு கரைக்கு வந்தால் மாட்டுவது நீங்கள்தான். கணக்குச் சொன்னவர் அந்த நேரம் கயிறு கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்க வந்த அளவு விஷயம். சட்டம் சொல்வது இது: தலை ஓட்டின் நீளம் 3 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். சரியாக 3 இருந்தாலும் விட வேண்டியதுதான். அளப்பது தண்ணீருக்குள்ளேயே நடக்க வேண்டும், அளக்கும் கருவியான கேஜ் உங்கள் கையில் இருக்க வேண்டும். "மேலே வந்து பார்த்துக்கலாம்" என்பதே குற்றம். சின்னதை மேலே கொண்டுவந்த நிமிடமே நீங்கள் சட்டத்தை மீறிவிட்டீர்கள், அப்புறம் அதைத் திரும்பக் கடலில் போட்டாலும் மீறல் மீறல்தான்.

எப்படி அளப்பது என்பதைப் பலரும் தப்பாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். சிங்கியை இடது கையில் முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள், தடித்த கையுறையோடு. கண்களுக்கு மேலே முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டு கொம்புகள் தெரியும். அந்தக் கொம்புகளின் நுனியிலிருந்து அளக்கக் கூடாது. இரண்டு கொம்புகளுக்கும் நடுவில் ஓடு தொடங்கும் விளிம்பு இருக்கிறது, அங்கே கேஜின் ஒரு முனையைப் பதியுங்கள். நடு முதுகோடு நேராகப் பின்னால் கொண்டுபோங்கள். தலை ஓடு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் கேஜின் மறுமுனை ஓட்டின் பின் விளிம்பைத் தாண்டி இறங்கிவிட்டால் அது சின்னது. ஓடு இடித்து, கேஜ் இறங்காமல் நின்றால் எடுக்கலாம். வாலை அளவில் சேர்க்கவே கூடாது. கேஜைச் சாய்த்து வைத்தால் சின்னதும் பெரிதாகத் தெரியும். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். தண்ணீருக்குள் எல்லாமே கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும், கண்ணை நம்பாதீர்கள்.

அளந்தவுடன் திருப்பி, வாலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்திலோ பழுப்பாகவோ கொத்தாகச் சினை ஒட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு பெரிதானாலும் விட வேண்டும். சினையைச் சுரண்டிவிட்டு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது தனிக் குற்றம், அதைவிட மோசமான காரியம் இந்தத் தண்ணீரில் கிடையாது. ஒரு சிங்கி இந்த 3 அங்குலத்தைத் தொடவே ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் மாதக்கணக்கில் கண்ணாடிபோன்ற லார்வாவாக நடுக்கடலில் மிதந்து, தப்பிப் பிழைத்துக் கரைப்பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, அந்த மீன்பிடிப் படகுக்கு வருகிறேன். இந்தக் கேள்வியைப் பலர் மனதுக்குள் வைத்துக்கொண்டே தப்புச் செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் பார்த்தது கூடு வைத்துப் பிடிக்கும் தொழில்முறைப் படகு. சிங்கி தன் இனத்தின் வாசனையைத் தேடிவரும் பிராணி. கூட்டுக்குள் இரண்டு குட்டிகள் உயிரோடு இருந்தால் பெரியவை தாமாக வந்து ஏறும். அதனால் குட்டிகளையே இரையாக வைத்துக்கொள்ளத் தொழில் உரிமம் பெற்ற கூட்டுப் படகுகளுக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது: படகில் 50 குட்டிகள், அதோடு படகில் இருக்கும் ஒவ்வொரு கூட்டுக்கும் ஒன்று. அவற்றைத் தண்ணீர் ஓடும், நிழல் உள்ள தொட்டியில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். இந்தச் சலுகை கூடு வைப்பவருக்கு மட்டும்தான். முகமூடி போட்டுக் குதிக்கிற உங்களுக்கும் எனக்கும் இல்லை. படகில் தொட்டி இருந்தாலும் இல்லை, "அப்புறம் விட்டுவிடுவேன்" என்றாலும் இல்லை, கூட்டுப் படகுக்காரர் நண்பராக இருந்து அவருக்காக எடுத்துக் கொடுத்தாலும் இல்லை.

எனக்கு இந்தச் சலுகை பிடிக்காது, வெளிப்படையாகவே சொல்கிறேன். வெயிலில் தளத்தில் கொஞ்ச நேரம் கிடந்த குட்டி திரும்பக் கடலுக்குப் போனாலும் பிழைக்கும் வாய்ப்புக் குறைகிறது. ஒரு பக்கம் பத்து வயதுப் பையன் ஒரு மயிரிழை சின்னதைப் பையில் போட்டால் அப்பாவுக்கு அபராதம், இன்னொரு பக்கம் தொட்டி தொட்டியாகக் குட்டிகள் இரையாகப் போகின்றன. இதைப் பார்க்கிற சாதாரண மனிதர் எப்படி விதியை மதிப்பார்? ஆனாலும் அவருக்குள்ள விதி உங்களைக் காப்பாற்றாது. கூட்டுக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். அடுத்தவர் கூட்டைத் தொட்டால் ஃபுளோரிடாவில் அது பெருங்குற்றம்.

வாலை வெட்டுவது பற்றி: கரை சேரும்வரை சிங்கி முழுதாக இருக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும்போது வாலைப் பிரித்தால், அது எவ்வளவு பெரிய சிங்கியாக இருந்தாலும் குற்றம். காரணம் எளிது, தலை இல்லாமல் அளவைச் சோதிக்க முடியாது. ஈட்டி, கொக்கி போல ஓட்டைத் துளைக்கும் எதுவும் கூடாது. ஒரு நீளக் குச்சி, ஒரு வலை போதும். குச்சியைப் பொந்துக்குள் விட்டு அதன் பின்னால் லேசாகத் தட்டினால் வெளியே நடந்து வரும். வலையை அதன் வாலுக்குப் பின்னால் வைத்துவிட்டு முன்னால் தட்டுங்கள், பின்பக்கமாகத் துள்ளித் தானே வலைக்குள் விழும். மீசையைப் பிடித்து இழுக்காதீர்கள், மீசைதான் கையோடு வரும்.

அந்த ஜிபிஎஸ் புள்ளிகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் இது நடக்கிறது. கடலடியில் தகரத்தையும் சிமென்ட் பலகையையும் போட்டுச் செயற்கைப் பொந்து செய்து வைப்பவர்கள் இருக்கிறார்கள், அதைக் கசீட்டா என்பார்கள். அதை அமைப்பதும் குற்றம், அதிலிருந்து பிடிப்பதும் குற்றம். 2008-இல் கீஸில் இதற்காகவே கைது நடந்து சிறைத் தண்டனை வரை போனது. வெறும் பாறைக்குப் புள்ளி விற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. விற்கிறார் என்றால் அங்கே என்ன கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றும் படகோட்டிக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கேப்டன் உரிமம் இருக்க வேண்டும். கேளுங்கள். கேட்டவுடன் முகம் மாறினால் முன்பணத்தை மறந்துவிட்டு வேறு படகு பாருங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் நம் ஆட்கள் ஏமாறுவது எனக்குப் பொறுக்கவில்லை. தேடினால் மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் அரசுத் தளம் மாதிரியே வேடம் போட்ட தனியார் தளங்கள். படிவம் நிரப்பிக் கொடுப்பதற்கென்று ஒரு தொகை வாங்கிக்கொள்வார்கள், சிலதில் லைசென்ஸே வராது, வெறும் வழிகாட்டிக் கையேடுதான் வரும். அதிகாரப்பூர்வமானது 'கோ அவுட்டோர்ஸ் ஃபுளோரிடா' தளம், கைபேசியில் 'ஃபிஷ் ஹன்ட் ஃபுளோரிடா' செயலி. வெளியூர்க்காரரான உங்கள் மச்சானுக்கு மூன்று நாள் கடல் மீன்பிடி லைசென்ஸ் 17 டாலர், அதன் மேல் சிங்கி அனுமதி 5 டாலர். உங்களுக்கும் கடல் லைசென்ஸ், சிங்கி அனுமதி இரண்டும் வேண்டும். லைசென்ஸ் மட்டும் எடுத்துவிட்டு அந்த 5 டாலர் அனுமதியை மறந்து மாட்டுகிறவர்கள் ஏராளம். இந்த இரண்டையும் ஒரே சீட்டாகக் கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று யாரும் யோசிப்பதில்லை. மாநில விதி ஒரு பக்கம், கவுண்டி விதி ஒரு பக்கம், கடல் சரணாலய விதி இன்னொரு பக்கம் என்று சிதறிக் கிடக்கிறது. விடுமுறைக்கு வந்த குடும்பம் இத்தனையையும் எங்கே போய்த் தேடும்?

அப்படிச் சிதறிக் கிடப்பதில் உங்களுக்குப் பொருந்தும் ஒன்று: வாடகை வீட்டின் பின்னாலேயே படித்துறை இருக்கும், "இங்கேயே குதிக்கலாமே" என்று தோன்றும். கூடாது. மினி சீசனில் மன்ரோ கவுண்டியில் வீடு, கடை உள்ள கரையிலிருந்து 300 அடிக்குள்ளும், வெட்டிய கால்வாய்களிலும், படகுத் துறைகளிலும் முக்குளிக்கவோ ஸ்நார்க்கல் (மூச்சுக் குழாய்) போடவோ தடை. இரவில் முக்குளிக்கவும் தடை. ஜான் பென்னிகேம்ப் பூங்காவில் அந்த இரண்டு நாளும் சிங்கியைத் தொடவே கூடாது.

மாட்டினால் என்ன ஆகும்? இதை வேகத்துக்குப் போடும் சீட்டு மாதிரி நினைக்காதீர்கள். சின்னச் சிங்கியை வைத்திருப்பது ஃபுளோரிடாவில் குற்றவியல் விஷயம். முதல் முறையே 500 டாலர் வரை அபராதம், 60 நாள் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. பச்சை அட்டைக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது கைது, வழக்கு, சம்மன் எதுவும் உண்டா என்று கேட்பார்கள். மச்சான் அடுத்த முறை விசா கேட்கும்போதும் கைதானதுண்டா என்ற கேள்வி வரும். ஒரு சிங்கிக்காக அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுத நேரக் கூடாது. ஏற்கெனவே அப்படி ஏதாவது இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. நீச்சல் தெரிந்தால் மட்டும் போதாது. மினி சீசனில் ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் உயிர் போகிறது. பொந்துக்குள் சிங்கியைப் பார்த்தவுடன் மனிதன் மூச்சையும் மறக்கிறான், கூட வந்தவரையும் மறக்கிறான். உங்கள் காற்றுச் சிலிண்டர் உதவும் என்று அவரை ஸ்கூபாவில் இறக்காதீர்கள். இடுப்பளவு, ஆளளவு ஆழத்தில் ஸ்நார்க்கலோடு மேலே மிதந்து பார்க்கட்டும், உயிர்க்காப்புச் சட்டையோடு. மூச்சை அடக்கித் திரும்பத் திரும்ப மூழ்கிப் பார்க்கும் போட்டி வேண்டவே வேண்டாம், அதில் மயக்கம் சொல்லாமல் வரும். சிவப்பில் குறுக்கே வெள்ளைக் கோடு போட்ட கொடியைப் படகில் ஏற்றுங்கள், திறந்த கடலில் அதிலிருந்து 300 அடிக்குள்ளேயே இருங்கள். அந்த இரண்டு நாளும் அவசரத்தில் படகு ஓட்டுபவர்கள் அதிகம். பொந்துக்குள் கையை விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள், விலாங்கு மாதிரி மோரே மீனும் அங்கேதான் படுத்திருக்கும்.

நீங்கள் இரண்டு நாளும் ஸ்கூபா செய்துவிட்டு விமானம் ஏறுவதாக இருந்தால் கடைசி முக்குளிப்புக்குப் பின் 18 மணி நேரமாவது விடுங்கள். பிடித்ததை வீட்டில் சமைத்துச் சாப்பிடலாம், நண்பர்களுக்குக் கொடுக்கலாம். சங்க விருந்துக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கக் கூடாது, பொழுதுபோக்காகப் பிடித்ததை விற்கத் தடை.

மச்சானின் பயணச் சீட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் ஒரு யோசனை. மினி சீசன் ஜூலையின் கடைசி புதன், வியாழன் மட்டும்தான். வழக்கமான சீசன் ஆகஸ்ட் 6 முதல் மார்ச் 31 வரை இருக்கிறது, அதிலும் ஒருவருக்கு அதே 6. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வாருங்கள். துறையில் நெரிசல் குறையும், நல்ல கேப்டன் கிடைப்பார், பையனுக்கும் பக்கத்தில் நின்று கேஜ் வைக்கச் சொல்லித்தர நேரம் இருக்கும்.