லயத்து வீட்டு உள்ளறையில் எல்இடி விளக்கு போட்டு சாவிக் கீரை, புதினா, கொத்தமல்லி வளர்க்க முடியுமா? எந்த லைட் வாங்குவது?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஜிங்க் கூரை போட்ட பழைய லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), சின்ன ஜன்னல் வைத்த உள்ளறை, இதுதான் முதல் முயற்சி என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். சாவிக் கீரையும் (மலாயில் sawi, கடுகுக் கீரை வகை) புதினாவும் கண்டிப்பாக வரும். கொத்தமல்லியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இந்த வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் லைட் இல்லை, சூடுதான். எல்லாரும் லைட்டுக்குக் காசைக் கொட்டிவிட்டுச் சூட்டை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் எல்இடி, செடி வளர்க்கும் கூடாரம் என்று தேடினால் வரும் வழிகாட்டிகளில் பல கஞ்சா வளர்ப்பவர்களுக்காக எழுதியவை. மலேசியாவில் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி ஒரு செடி வைத்தாலும் குற்றம், தண்டனையில் நீண்ட சிறையும் பிரம்படியும் உண்டு. அந்தப் பக்கமே போக வேண்டாம். கீரைக்கும் அந்தக் கணக்கு ஒத்துவராது. அதில் சொல்லும் வெளிச்சம் கீரைக்குத் தேவையானதைப் போல் மூன்று நான்கு மடங்கு. அதைப் பார்த்து லைட் வாங்கினால் காசும் போகும், இலையும் வெளுக்கும்.

லைட்டுக்கு வருவோம். ஊதா நிறத்தில் எரிவது வேண்டாம். அதன் கீழே இலை மஞ்சளா, பச்சையா என்றே கண்ணுக்குத் தெரியாது, நோய் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சாதாரண வெள்ளை எல்இடி போதும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 4 அடி, 18 வாட், 6500 கெல்வின் டியூப் நான்கு வாங்குங்கள். 120 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலமுள்ள ராக் தட்டு ஒன்றுக்கு அது சரியாக இருக்கும். சட்டத்தோடு சேர்ந்தே வரும் டியூப்பாக எடுத்தால் வயரிங் தொல்லை குறைவு. சிரிம் (SIRIM, மலேசியத் தரச் சான்று) முத்திரை இருக்கிறதா பாருங்கள். பெட்டியில் ‘1000 வாட்’ என்று போட்டிருக்கும் செடி லைட்டை நம்பாதீர்கள். உண்மையில் அது இழுப்பது பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு. விளம்பர எண்ணை விட்டுவிட்டு, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்ற எண்ணைத் தேடுங்கள்.

டியூப்புக்கும் இலை நுனிக்கும் நடுவே 15 முதல் 20 செ.மீ. இருக்கட்டும். கைபேசியில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி போட்டு, இலை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். 12,000 முதல் 15,000 வரை காட்டினால் சாவிக்குப் போதும். கைபேசி அளவு துல்லியமில்லை, ஆனால் 4,000தான் காட்டுகிறது என்றால் லைட் எட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நாற்று ஒல்லியாக நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் குறைவு. உச்சி இலை வெளுத்து விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் லைட் மிகக் கிட்டே இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். டைமர் ஒன்று வாங்கி, மாலை 6 மணிக்கு எரிந்து காலை 8 மணிக்கு அணைகிற மாதிரி வையுங்கள். ஜிங்க் கூரை வீட்டின் உள்ளறை மதியம் 2, 3 மணிக்கு 34 டிகிரியைத் தொடும். அந்த நேரத்தில் 72 வாட் லைட்டும் எரிந்தால், அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறும். ராத்திரி எரிந்தால் அறை 26, 27 டிகிரியில் இருக்கும்போது செடி வேலை செய்யும். 72 வாட் 14 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 1 யூனிட், மாதம் 30 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பில்லில் உள்ள கட்டணத்தால் பெருக்கினால் செலவு தெரிந்துவிடும். (சாவி பாசாரில் மலிவு. காசு மிச்சம் பிடிக்க இதைச் செய்வதென்றால் வேண்டாம்.)

சின்னக் காத்தாடி ஒன்று இலை லேசாக அசையும்படி ஓடட்டும். காற்று நின்றுவிட்டால் இலை நீரை விடாது. நீர் ஏறாவிட்டால் கால்சியமும் ஏறாது. இளம் இலையின் நுனி கருகும். அதைப் பார்த்துவிட்டு உரம் போதவில்லை என்று மேலும் ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு.

தண்ணீரில் வேர் தொங்கும் முறையை முதல் தடவையே எடுக்காதீர்கள். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். லிட்டருக்கு 20 டிகிரியில் 9 மில்லிகிராம் சொச்சம் நிற்கும், 30 டிகிரியில் ஏழரைதான். வேர் பழுப்பாகி வழவழவென்று அழுகும். இன்னொன்று, மூடி சரியாக இல்லாத தண்ணீர்ப் பெட்டியில் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார இலாகா ஆள் வந்தால் சம்மன் கையில். தேங்காய் நார்த்தூள்தான் பாதுகாப்பு. 650 கிராம் கட்டியை 4 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, பழுப்பு நிறம் போகும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். அதில் உப்பு இருக்கும், அலசாவிட்டால் நாற்று அப்படியே நின்றுவிடும். மூன்று பங்கு நார்த்தூளுக்கு ஒரு பங்கு பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்து, அடியில் ஓட்டையுள்ள 1 லிட்டர் தொட்டிகளில் போடுங்கள். மீன் கடையில் கிடைக்கும் வெள்ளை ஃபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் தொட்டிகளை வைத்தால் வேர்ப் பகுதியில் சூடு சீக்கிரம் ஏறாது. பெட்டி அடியில் தண்ணீர் தேங்காமல் ஓட்டை போட மறக்காதீர்கள்.

உரத்துக்கு பாஜா ஏபி (ஏ, பி என்று இரண்டு பாகமாக வரும் திரவ உரம்). எந்த விவசாயக் கடையிலும் இருக்கும். ஏ கரைசலையும் பி கரைசலையும் கெட்டியாக இருக்கும்போது ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. ஏயில் கால்சியம், பியில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். நேராகச் சேர்ந்தால் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி அடியில் படிந்துவிடும், செடிக்கு ஒன்றும் கிடைக்காது. வாளியில் தண்ணீரை முழுதாகப் பிடித்து, ஏ ஊற்றிக் கலக்கி, பிறகு பி ஊற்றுங்கள். நாற்றுக்கு ஈசி (EC, தண்ணீரில் கரைந்த உர உப்பின் அளவு) 0.6 முதல் 0.8 வரை, வளர்ந்த சாவிக்கு 1.2 முதல் 1.5 வரை. ஈசி மீட்டர் இல்லையென்றால் லேபிளில் சொன்ன அளவில் பாதியோடு தொடங்குங்கள். சூட்டில் செடி தண்ணீரை அதிகம் குடிக்கும், உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும், அதனால் நம் ஊருக்குக் கம்மியாகப் போவதே நல்லது. பிஎச் (pH, தண்ணீரின் அமில-கார அளவு) 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் இரும்புச் சத்து ஏறாமல், புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பழைய இலை மஞ்சளானால் அது வேறு, தழைச்சத்துக் குறைவு.

எப்போது ஊற்றுவது? தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் ஊற்றுங்கள், ஊற்றியதில் கொஞ்சம் அடியில் வடியட்டும். நார்த்தூள் ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர் அழுகுகிறது. மேலும் ஊற்றினால் செத்துவிடும். வாரம் ஒருமுறை வெறும் தண்ணீர்.

சாவி விதை 3, 4 நாளில் முளைக்கும், 10, 12 நாளில் இடம் மாற்றி, விதைத்த 30 முதல் 35 நாளில் அறுக்கலாம். புதினாவுக்கு விதை வேண்டாம். பாசாரில் வாங்கிய கட்டில் 10 செ.மீ. தண்டு எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளி, கிளாஸ் தண்ணீரில் வையுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றினால் 7 முதல் 10 நாளில் வேர் விடும்.

கொத்தமல்லி குளிரான கேமரன் மலையிலிருந்து இறங்குவதற்குக் காரணம் இருக்கிறது. சூடும் நீண்ட வெளிச்சமும் சேர்ந்தால் அது இலையை விட்டுவிட்டுப் பூத்தண்டுக்குப் போய்விடும். அதனால் சாவியோடு ஒரே டைமரில் போடாதீர்கள். தனித் தட்டில் இரவு 8 மணியிலிருந்து காலை 8 வரை 12 மணி நேரம் மட்டும் எரியட்டும். பகலில் ஜன்னல் வெளிச்சமும் விழுந்தால் செடிக்கு அது நீண்ட பகல்தான், அதனால் அந்தத் தட்டுக்கு ஒரு திரை போடுங்கள். மளிகைக்கடை மல்லியே முளைக்கும். ஒரு மல்லிக்குள் இரண்டு விதை, சப்பாத்திக் கட்டையால் மெதுவாக அழுத்திப் பிளந்து, ஒரு ராத்திரி ஊறவைத்து விதையுங்கள். முளைக்க 7 முதல் 14 நாள் ஆகும். பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து சீக்கிரம் பூக்கும், அதனால் நேராகத் தொட்டியிலேயே போடுங்கள். 35 நாளில், தண்டு எழும்பும் முன்னே அறுத்துவிடுங்கள். மிளகாயைத் தொடாதீர்கள், இதைப்போல் இரண்டு மடங்கு வெளிச்சம் கேட்கும்.

மின்சாரம்: நாலு டியூப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடலாம், ஆனால் அது தரையில் கிடக்கக் கூடாது. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறட்டும். தண்ணீர் வயரில் வழிந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. பழைய லயத்தில் ஈஎல்சிபி (ELCB, மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) வேலை செய்கிறதா என்று அதிலுள்ள பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் வயர்மேனைக் கூப்பிட்டுச் சரி செய்த பிறகுதான் செடி. மாலையில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஒரு ராத்திரி வெளிச்சம் இல்லாவிட்டால் சாவிக்கு ஒன்றும் ஆகாது, மின்னல் பாய்ந்தால் நாலு டியூப்பும் போகும்.